கையடக்க உலர்மூலிகை ஆவியாக்கி

கையடக்க உலர்மூலிகை ஆவியாக்கி என்பது உலர்ந்த பூ, இலை போன்ற தாவரப் பொருளைத் தீப்பற்றாத அளவுக்கு மட்டும் சூடாக்கி, அதிலுள்ள எண்ணெய்களையும் மருந்துப் பொருள்களையும் ஆவியாக மூச்சில் இழுக்க உதவும் சிறு கருவியாகும். பெரும்பாலும் மின்கலத்தால் இயங்கும். மருத்துவக் கஞ்சா அனுமதிக்கப்பட்டுள்ள ஜெர்மனி, நெதர்லாந்து, கனடா முதலிய நாடுகளில், மருத்துவர் எழுதித் தரும் கஞ்சாப் பூவை நோயாளிகள் உட்கொள்ளும் வழிகளுள் ஒன்றாக இது உள்ளது. இந்தியாவில் இத்தகைய கருவிகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவை 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

இக்கருவியை வேறு மூன்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மின்னணு சிகரெட்டில் இருப்பது திரவம். இதில் இருப்பது செடியின் பகுதியே. ஆஸ்துமா நோயாளிகள் பயன்படுத்தும் நெபுலைசர் மருந்துக் கரைசலைச் சூடாக்காமல் நுண்துளிகளாக்குகிறது. சளிக்கு ஆவி பிடிக்கும்போது உள்ளே போவது பெரும்பாலும் நீராவி. உலர்மூலிகை ஆவியாக்கியில் தண்ணீருக்கு வேலையே இல்லை.

எரிதலும் ஆவியாதலும்

சிகரெட்டையோ பீடியையோ இழுக்கும்போது நுனியில் உள்ள கங்கு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்த வெப்பத்தில் இலையின் நார்ப்பொருள் சிதைந்து கார்பன் மோனாக்சைடு, பென்சீன், தார் எனப் பல நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. இவை பற்றவைக்கும் முன் இலையில் இல்லாதவை. தீயே இவற்றைப் படைக்கிறது. புகையிலை, கஞ்சா, துளசி என எந்த இலையை எரித்தாலும் இதே நிலைதான். ‘மூலிகைதானே, புகைத்தால் கெடுதல் இல்லை’ என்ற எண்ணம் தவறாவது இங்கேதான்.

ஆனால், தாவரத்தின் வாசனைக்கும் மருந்துத் தன்மைக்கும் காரணமான பல பொருள்கள் வெளிவர இவ்வளவு வெப்பம் தேவையில்லை. கஞ்சாப் பூவின் மேல் பிசினாகப் படிந்திருக்கும் டெர்பீன்களும் கன்னாபினாய்டுகளும் சுமார் 160 முதல் 210 பாகைக்குள் போதிய அளவு ஆவியாகிவிடுகின்றன. 230 பாகையை நெருங்கும்போது இலை கருகத் தொடங்குகிறது. ஆக, மருந்து வெளிவரும் வெப்பத்துக்கும் இலை கருகும் வெப்பத்துக்கும் இடையே ஒரு குறுகிய இடைவெளி உள்ளது. அந்த இடைவெளிக்குள் நிற்பதற்காகச் செய்யப்பட்டதே ஆவியாக்கி. அரைப்பது, நிரப்புவது, இழுப்பது, துடைப்பது என்று பின்னர் விளக்கப்படும் எல்லா வேலைகளும் அந்த இடைவெளியைக் காப்பதற்கானவையே.

வெப்பத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பறித்து உலர்த்திய கஞ்சாப் பூவில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது. அந்த அமிலத்துக்குப் போதை இல்லை. சூடேறும்போது அது கார்பன் டைஆக்சைடை இழந்து டி.எச்.சி.யாக மாறுகிறது. புகைப்பவர் நெருப்பால் செய்வதை ஆவியாக்கி சில நொடிகளில் தன் அறைக்குள் செய்துவிடுகிறது.

இணையத்தில் உலவும் ‘கொதிநிலை அட்டவணை’களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். டி.எச்.சி.யின் கொதிநிலை 157 பாகை என்று அவற்றில் காணப்படும். வேதியியல் கையேடுகளோ, காற்றழுத்தத்தை மிக மிகக் குறைத்த வெற்றிடத்திலேயே அது 200 பாகையில் கொதிப்பதாகக் குறிப்பிடுகின்றன. அப்படியானால் சாதாரண அழுத்தத்தில் கொதிநிலை இன்னும் மேலே இருக்க வேண்டும். ஆயினும் 180 பாகையில் ஆவி வருகிறது. ஏனெனில் ஒரு பொருள் ஆவியாக அது கொதிக்க வேண்டியதில்லை. கொடியில் காயும் துணியின் ஈரம் கொதித்தா போகிறது? மேலே செல்லும் சூடான காற்று ஆவியைத் தொடர்ந்து வாரிக்கொண்டு போவதால் கொதிநிலைக்குக் கீழேயும் பிரித்தெடுப்பு நடக்கிறது. எனவே அட்டவணையைப் பார்த்து ஒரு பாகை, இரண்டு பாகை எனக் கூட்டிக் குறைப்பதில் பெரிய பொருள் இல்லை.

தீ இல்லாததால் கிடைக்கும் பலன் அளந்து பார்க்கப்பட்டுள்ளது. சான் பிரான்சிஸ்கோவில் டொனால்டு ஆப்ராம்ஸ் தலைமையிலான குழு 18 பேரைக் கொண்டு நடத்தி 2007ல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சாவைப் புகைத்தபோதும் ஆவியாக இழுத்தபோதும் இரத்தத்தில் சேர்ந்த டி.எச்.சி.யின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஆவியாக இழுத்தவர்களின் வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாக இருந்தது.

பின்னணி

செடியை மருந்தாக மூச்சில் இழுக்கும் வழக்கத்துக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. ஆஸ்துமாவுக்கு ஊமத்தையின் புகையை இழுக்கும் இந்திய முறையை 1802ல் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனும் இம்முறையை எடின்பரோ மருத்துவர்களுக்குத் தெரிவித்தார். அதிலிருந்து ‘ஆஸ்துமா சிகரெட்’ என்னும் பண்டம் பிறந்து இருபதாம் நூற்றாண்டிலும் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்துவது உண்மை. இன்று உறிஞ்சிக் கருவிகளில் தரப்படும் இப்ராட்ரோபியம் அட்ரோபினிலிருந்து உருவாக்கப்பட்டதுதான். ஆனால் மூச்சுத் திணறுபவருக்கு மருந்தோடு புகையையும் சேர்த்துக் கொடுத்த முரண்பாடு அந்தச் சிகரெட்டில் கடைசிவரை தீரவில்லை. ஊமத்தையின் வீரியம் செடிக்குச் செடி மாறுவதால் அதை எந்த முறையிலும், ஆவியாக்கியிலும் கூட, இழுப்பது உயிருக்கு ஆபத்தானது.

புகையை நீக்கி மருந்தை மட்டும் எடுக்கும் முயற்சி, மின்சாரத்தால் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது எளிதான பிறகே கைகூடியது. ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்கஸ் ஸ்டோர்ஸ் 1990களின் நடுவில் இதற்கான கருவியை உருவாக்கத் தொடங்கினார். 2000ல் ‘வல்கேனோ’ விற்பனைக்கு வந்தது. எரிமலை வடிவில் மேசை மீது நிற்கும் அக்கருவி சூடான காற்றை மூலிகை வழியாகச் செலுத்தி ஆவியை ஒரு பையில் நிரப்பித் தரும். ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கல் என்ற அந்நிறுவனம் டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள டூட்லிங்கனில் இயங்குகிறது; அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. 2014ல் இதே நிறுவனம் ‘கிராஃப்டி’, ‘மைட்டி’ என்ற இரு கையடக்கக் கருவிகளை வெளியிட்டது. வல்கேனோ, மைட்டி ஆகியவற்றின் ‘மெடிக்’ வகைகள் மருத்துவக் கருவிகளாகச் சான்று பெற்றவை. 2018ல் கனடாவின் கேனபி குரோத் நிறுவனம் இந்நிறுவனத்தை வாங்கியது.

அமைப்பு

மைட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டால், அடியில் இரண்டு லித்தியம் அயனி மின்கலங்கள், அவற்றின் மேல் சூடாக்கி, சூடாக்கியின் மேல் சிறு கிண்ணம் போன்ற மூலிகை அறை, அறையை மூடும் குளிர்விப்பு அலகு, அதன் உச்சியில் வாய்க்குழல் என அமைப்பு எளியது. குளிர்விப்பு அலகுக்குள் வளைந்து வளைந்து செல்லும் பாதையில் ஆவி சூடு தணிந்து வாய்க்கு வருகிறது. மூலிகைத் துகள் மேலே வராமல் உலோகச் சல்லடை தடுக்கிறது. வெப்பத்தை 40 முதல் 210 பாகை வரை நிறுத்தி வைக்கலாம். அதாவது கருகும் எல்லைக்குக் கீழேயே கருவி பூட்டப்பட்டுள்ளது.

மூலிகைக்கு வெப்பம் போய்ச்சேரும் வழிகள் இரண்டு. வெப்பக்கடத்தலில் அறையின் சுவர் சூடாகி, தோசைக்கல்லைப் போலத் தன்னைத் தொடும் மூலிகையை வாட்டுகிறது. வெப்பச்சலனத்தில், இழுக்கும் காற்று முதலில் சூடாகிப் பின் மூலிகை வழியே பாய்கிறது. முதல் வகை மலிவானது. ஆனால் சுவரோரம் கருக, நடுவில் பச்சையாகவே நிற்கும். இரண்டாம் வகையில் சூடு சீராகப் பரவும். இழுக்காத நேரத்தில் மூலிகை வீணாகாது. மைட்டி போன்றவை இரண்டையும் கலந்து பயன்படுத்துகின்றன. மின்கலமே இல்லாத கருவிகளும் உண்டு. அமெரிக்காவில் செய்யப்படும் டைனாவாப் என்ற உலோகக் குழாயின் மூடியைச் சிறு தீச்சுடரில் காட்டிச் சூடாக்க வேண்டும். மூடிக்குள் உள்ள ஈருலோகத் தகடு உரிய சூட்டில் ‘டிக்’ என்று ஒலிக்கும். ஒலித்த பின்னும் சூடாக்கினால் உள்ளே இருப்பது கருகிவிடும்.

பயன்படுத்தும் முறை

புதிய கருவியை வாங்கியதும் மூலிகை இடாமல் இரண்டு மூன்று முறை உச்ச வெப்பத்தில் ஓடவிடுவது வழக்கம். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசையும் புது நெகிழியின் வாடையும் அப்போது வெளியேறும். இதைக் காற்றோட்டமான இடத்தில் செய்வது நல்லது.

மூலிகையின் ஈரப்பதமே முதல் கவனத்துக்குரியது. ஈரம் மிகுந்திருந்தால் வெப்பத்தின் பெரும்பகுதி தண்ணீரை விரட்டுவதில் செலவாகும். முதல் சில இழுப்புகளில் சூடான நீராவிதான் வந்து தொண்டையைச் சுடும். அளவுக்கு மீறிக் காய்ந்ததோ தூளாக உதிர்ந்து சல்லடையை அடைக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும், ஆனால் பொடியாகக் கூடாது.

அரைப்பதற்குப் பற்கள் கொண்ட சிறிய உலோக கிரைண்டர் போதும். ரவைக்கும் அவலுக்கும் இடைப்பட்ட பருமன் பெரும்பாலான கருவிகளுக்குப் பொருந்தும். வெப்பக்கடத்தல் கருவிகளுக்குச் சற்று நைசாகவும், வெப்பச்சலனக் கருவிகளுக்குச் சற்றுக் கொரகொரப்பாகவும் அரைப்பர். மாவாக அரைத்தால் காற்று புகாது. அறையை நிரப்பும்போதும் இதே கணக்குத்தான்: குக்காவில் புகையிலையை அமுக்குவதுபோல் அமுக்கினால் இழுப்பதற்கே மூச்சு வாங்கும், பாதி காலியாக விட்டால் காற்று சந்து பார்த்து ஓடிவிடும், மூலிகை வேகாது. நோயாளிகளுக்காக அலுமினியத்தால் ஆன சிறு அளவுக் குப்பிகள் கிடைக்கின்றன. நிறுத்து நிரப்பி வைத்த குப்பியை அப்படியே அறைக்குள் போடலாம். கை நடுங்குபவர்களுக்கு இது பேருதவி. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மருந்து போவதும், அறையின் சுவரில் பிசின் ஒட்டாதிருப்பதும் கூடுதல் நன்மைகள்.

கஞ்சாப் பூவுக்கு 180 பாகையில் தொடங்கி, ஆவி குறையும்போது 190, 200 என்று படிப்படியாக உயர்த்துவது பரவலான பழக்கம். குறைந்த சூட்டில் வாசனை மிகுந்த, மென்மையான ஆவி வரும். சூடு ஏற ஏற ஆவி அடர்ந்து தொண்டையை உறுத்தும். மற்ற மூலிகைகளுக்கு வெப்பம் வேறுபடும். யூகலிப்டஸ் இலைக்கும் லாவெண்டர் பூவுக்கும் 130 பாகை அளவே போதும். கெமோமில் பூவுக்கு 190 பாகை வேண்டும்.

புகைபிடித்துப் பழகியவர்கள் இதில் தடுமாறுவது இழுக்கும் விதத்தில்தான். சிகரெட்டை இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுத்தால், குளிர்ந்த காற்று ஒரேயடியாக உள்ளே புகுந்து சூடாக்கியைக் குளிரச்செய்துவிடும், ஆவி மெலிந்துபோகும். ‘கருவி வேலை செய்யவில்லை’ என்ற குறைகளில் பல இதனால் எழுபவை. சூடான கஞ்சியை உறிஞ்சுவதுபோல் மெதுவாக, பத்து நொடி அளவுக்கு ஒரே சீராக இழுக்க வேண்டும். மூச்சை நெடுநேரம் அடக்கி வைப்பதால் உட்செல்லும் மருந்து பெரிதாகக் கூடுவதில்லை. கருவியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் அளவு ஆவி வரவில்லை என்பதாலேயே மருந்து வரவில்லை என்றும் கொள்ள முடியாது. இடையில் ஒருமுறை கருவியைத் திறந்து சிறு குச்சியால் கிளறிவிட்டால் சுவரோரத்தில் இருப்பதும் நடுவில் இருப்பதும் இடம் மாறிச் சமமாக வேகும்.

முடிந்துவிட்டதை நிறத்தால் அறியலாம். பச்சையாக இட்டது வறுத்த மல்லி போன்ற பழுப்பு நிறத்தில் வெளிவந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. கருப்பாகவோ சாம்பலாகவோ வந்தால் அங்கே நடந்தது ஆவியாதல் அல்ல, எரிதல்; வெப்ப உணரி பழுதாகியிருக்கலாம், அல்லது கருவியே தரக்குறைவானதாக இருக்கலாம். அத்தகைய கருவியைப் பயன்படுத்துபவர் புகையைத்தான் இழுக்கிறார்.

பழுப்பு நிற எச்சத்தைக் குப்பை என்று எண்ணி அலட்சியமாக விடுவதில் ஆபத்து உண்டு. அதில் டி.எச்.சி. முழுவதும் தீர்ந்திருக்காது, எஞ்சியிருப்பது ஏற்கெனவே சூடுபட்டு மாறியது என்பதால் விழுங்கினாலே போதை தரும். குழந்தைகளும் வளர்ப்பு நாய்களும் எட்டும் இடத்தில் அதைக் கொட்டக் கூடாது.

அளவு

புகைப்பதிலிருந்து ஆவியாக்கிக்கு மாறுபவர்கள் பழைய அளவையே தொடர்வது தவறு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 17 பேரிடம் நடத்தி 2018ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு டி.எச்.சி.யைப் புகைத்தபோது இருந்ததைவிட ஆவியாக இழுத்தபோது போதையும் தடுமாற்றமும் கூடுதலாக இருந்தன. 25 மில்லிகிராம் அளவில் சிலர் வாந்தி எடுத்தனர். அவர்கள் அனைவரும் எப்போதாவது மட்டும் கஞ்சா பயன்படுத்துபவர்கள். சுருட்டு எரியும்போது மருந்தின் ஒரு பங்கு தீயில் அழிந்தும், காற்றில் கலந்தும் வீணாகிறது. ஆவியாக்கியில் அந்த வீணடிப்பு குறைவு. தீயால் வரும் கேடு குறைகிறது என்பது மருந்தின் வேகமும் குறைகிறது என்று பொருள்படாது.

ஆவியாக இழுத்ததன் விளைவு சில நிமிடங்களிலேயே தெரியும். ஆகவே ஓரிரு முறை இழுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருந்து பார்த்தே அடுத்ததைத் தொடர வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறது. வாய்வழி உட்கொண்டால் விளைவு தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பொறுமை இழந்து மேலும் மேலும் விழுங்குபவர்கள் மாட்டிக்கொள்வது அங்கே. வலியோ தசை இறுக்கமோ திடீரெனக் கூடும் நோயாளிகளுக்கு ஆவியின் இந்த வேகம் பயனுள்ளது. விளைவு நீங்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

தூய்மையாக்கல்

ஆவி குளிரும் இடமெல்லாம் பிசின் படியும். இரண்டு மூன்று வாரம் துடைக்காத கருவியில் குளிர்விப்பு அலகின் பாதை, பலகாரம் சுட்ட சட்டியின் விளிம்பில் எண்ணெய் பிசுபிசுத்து நிற்பதுபோல் தேன்நிறப் பசையால் மூடியிருக்கும். காற்றுப் பாதை சுருங்குவதால் இழுப்பது கடினமாகிறது. அதை ஈடுகட்டப் பலரும் வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். ஏற்கெனவே அறையில் படிந்த பசை ஒவ்வொரு முறையும் மீண்டும் சூடாகிக் கருகி, சுவையைக் கெடுத்து, எதைத் தவிர்க்க இக்கருவி வாங்கப்பட்டதோ அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவருகிறது.

மிகவும் பயன் தருவது மிகவும் எளிய வேலையே: ஒவ்வொரு முறையும் பயன்படுத்தி முடித்ததும், அறை வெதுவெதுப்பாக இருக்கும்போது எச்சத்தைக் கொட்டிவிட்டுச் சிறு தூரிகையால் உட்புறத்தைத் துடைப்பது. ஆறிப்போனால் பசை இறுகிவிடும். கொதிக்கும் சூட்டில் தொட்டால் விரலும் சுடும், தூரிகையின் மயிரும் உருகும்.

சில வாரங்களுக்கு ஒருமுறை குளிர்விப்பு அலகைக் கழற்றிப் பிரித்து முழுமையாகக் கழுவ வேண்டும். பிசின் தண்ணீரில் கரையாது. ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் கரையும். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட செறிவுள்ளது தேவை. கடைகளில் கிடைக்கும் 70 விழுக்காட்டுக் கரைசலில் தண்ணீர் மிகுதி என்பதால் நேரம் எடுக்கும். சல்லடை, கண்ணாடிக் குழல் போன்றவற்றை அதில் ஊறவைக்கலாம். நெகிழிப் பாகங்களை நெடுநேரம் ஊறவிட்டால் நிறம் மங்கி, வெடிப்பு விடும். சிலிக்கோன் வளையங்களைத் தனியே எடுத்து, வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் கழுவினால் போதும். நகப்பூச்சை நீக்கும் அசிட்டோன் நெகிழியையே கரைத்துவிடும் என்பதால் அதை அண்டவிடக் கூடாது. சூடாக்கியும் மின்கலமும் உள்ள உடற்பகுதியை எந்தத் திரவத்திலும் முக்குதல் கூடாது. ஆல்ககாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் அறையின் சுவரைத் துடைக்கலாம்.

ஐசோபுரொப்பைல் ஆல்ககாலின் ஆவி 12 பாகை அளவிலேயே தீப்பற்றக் கூடியது. அதாவது எந்தச் சாதாரண அறையிலும் அதற்குத் தேவையானது ஒரு பொறி மட்டுமே. அடுப்பருகில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. துடைத்த கருவியை உடனே போட்டுச் ‘சூட்டில் காயட்டும்’ என்று விடுவது இன்னும் மோசம். பாகங்களை வெந்நீரில் அலசி, முழுதாகக் காயவிட்டு, மறுபடி பூட்டி, முதலில் மூலிகை இல்லாமல் ஒருமுறை ஓடவிட்ட பின்பே பயன்படுத்த வேண்டும். வளையங்களைத் திரும்பப் பொருத்தும்போது அவை முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளையம் சரியாக அமராவிட்டால் காற்று பக்கவாட்டில் கசியும். தேய்ந்த சல்லடையையும் தளர்ந்த வளையத்தையும் மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது.

வாய்க்குழலைப் பிறரோடு பகிர்வது எச்சில்வழி நோய்களைப் பகிர்வதாகும். மருத்துவமனைகளில் ஒருவருக்கு ஒரு குழல் என்பதே முறை.

மின்கலம்

பல கருவிகளில் உள்ளவை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ‘18650’ வகை லித்தியம் மின்கலங்கள். சூடாக்கி மின்சாரத்தை ஒரே மூச்சில் இழுப்பதால் இவை கைப்பேசி மின்கலத்தைவிடக் கடுமையாக உழைக்கின்றன. முழுதும் வடியவிடுவதும், நூறு விழுக்காட்டில் நாள்கணக்காகச் செருகி வைப்பதும் ஆயுளைக் குறைக்கும். பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி மின்னேற்றத்தில் வைப்பது நல்லது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச்செல்லக் கூடாது. உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்யவும் கூடாது. மின்கலத்தைத் தனியே கழற்றக்கூடிய கருவிகளில், உறை கிழிந்த மின்கலத்தைச் சாவிக்கொத்தோடு பையில் போட்டுக்கொண்டு திரிவதே பல தீவிபத்துகளுக்குக் காரணம். உப்பிய மின்கலத்தை மறுபடி பயன்படுத்துவதற்கு வழியே இல்லை. விமானத்தில் இக்கருவிகளைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். சரக்குப் பெட்டியில் வைப்பதும் விமானத்துக்குள் சார்ஜ் செய்வதும் தடை.

நலக்கேடுகள்

ஆவியாக்கி குறைப்பது எரிதலால் வரும் கேடுகளை மட்டுமே. கஞ்சாவால் வரக்கூடிய மனப் பிறழ்வு, அடிமைத்தனம், இதயத் துடிப்பு விரைதல் ஆகியவை அப்படியே நிற்கின்றன. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மனச்சிதைவு நோய் குடும்பத்தில் உள்ளவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆபத்து கூடுதல்.

அதிகம் பேசப்படாத ஆபத்து பூஞ்சை. சரியாக உலராத கஞ்சாவில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளரும். ஆவியாக்கியின் குறுகிய நேரச் சூடு அதன் வித்துகள் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. நலமானவரின் நுரையீரல் அவற்றைச் சமாளிக்கும். கீமோதெரபி பெறுபவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் போன்ற எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். கஞ்சாவை மருந்தாக நாடுபவர்களில் இவர்களும் அடங்குவர் என்பதால்தான் நெதர்லாந்தின் மருந்தகங்களுக்குச் செல்லும் கஞ்சாப் பூ காமாக் கதிர்களால் தூய்மையாக்கப்படுகிறது.

2019ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தனர். அதில் முதன்மையாகக் குற்றம் சாட்டப்பட்டது டி.எச்.சி. எண்ணெய்க் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். உலர்ந்த பூவில் அந்த எண்ணெய் கிடையாது. ஆயினும், பூவுக்காகச் செய்த கருவியில் எண்ணெயை ஊற்றிச் சூடாக்குவோரும் இருக்கின்றனர். கருவி அதற்கென அமைக்கப்படவில்லை.

சட்ட நிலை

ஜெர்மனியில் 2017 மார்ச் முதல் மருத்துவர்கள் கஞ்சாப் பூவை மருந்தாக எழுதித் தரலாம். 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்தோர் பொது இடத்தில் 25 கிராம் வரை வைத்திருக்கவும் அனுமதி உண்டு. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தோருக்குக் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது.

இந்தியாவின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம், 2019 பெயரில் சிகரெட் என்று இருந்தாலும் வரையறையில் அகலமானது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி மூச்சில் இழுப்பதற்கான ஆவியைத் தரும் மின்னணுக் கருவிகள் அனைத்தும் அதில் அடங்கும். மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவை மட்டும் விலக்கு. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விளம்பரங்களில் ‘மூலிகைக்கு மட்டும்’ என்று எழுதியிருப்பது இதிலிருந்து காப்பாற்றாது. கஞ்சாப் பூவும் பிசினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் தனியே தடை செய்யப்பட்டவை.

சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் மின்னணு ஆவியாக்கியை வைத்திருப்பதே குற்றம். கஞ்சாவுக்கான தண்டனை அங்கே மிகக் கடுமையானது. 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. கனடாவில் வாழ்பவர்கள் அந்நாட்டின் எல்லையைத் தாண்டிக் கஞ்சாவை எத்திசையில் கொண்டுசென்றாலும், மருத்துவர் சீட்டு இருந்தாலும், அது குற்றமாகும். கருவியின் சல்லடையிலும் குளிர்விப்புப் பாதையிலும் ஒட்டியுள்ள பிசினும் கஞ்சாவின் எச்சமே. டொராண்டோவிலிருந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ புறப்படுபவர், துடைத்த கருவியாக இருந்தாலும், அதை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டியிருக்கும்.